இரண்டு மணிக்கூர் சார்ஜர்

வெள்ளிக்கிழமை காலை 9.40, கருங்கலிலிருந்து நாகர்கோவில் செல்லும் பஸ். என் முன் இருக்கையில் ஐம்பதை ஒட்டிய கணவனும் மனைவியும். கணவர் மடியில் ரிமோட் விமானம் ஒன்று. அதன் பாட்டரிக்குப் புது சார்ஜர் வாங்கப் போகிறார்கள்.

“வேகமா ஏறுத சார்ஜரு வேண்டாம்,” என்றார் மனைவி. அதைக் கேட்டுத்தான் நான் கவனிக்கத் தொடங்கினேன்.

“ஏட்டி, இப்ப உள்ளதுல ரெண்டு மணிக்கூர் ஆவுது. ஆயிரம் வாட்டுன்னா இருவது நிமிசம்.”

“ஏறி முடியது வரைக்கும் பக்கத்துலயே இருக்கணும்னு சொல்லுவியள்லா?”

“இருக்கணும். லித்தியம் பாட்டரியாக்கும். சூடானா தீப்பிடிச்சிரும்.”

“ஞாயித்துக்கெழம அந்த ரெண்டு மணிக்கூருதான் நீங்க வீட்டுல இருக்கது. பயறு உரிச்சுத் தருவிய, வர்த்தமானம் பேசுவிய. பொறவு இத பறக்கவிட கிரவுண்டுக்குப் போயிருவிய. இருவது நிமிசத்துல என்னத்தப் பேச?”

திங்கள்சந்தை தாண்டும்வரை அவர் விமானத்தின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சார்ஜருக்குக் கரண்டு குடுக்க பவர் சப்ளைன்னு தனிப்பெட்டி உண்டு. அது சின்னதுன்னா, எவ்வளவு பெரிய சார்ஜரும் மெள்ளத்தான் ஏத்தும்.”

“அப்பம்?”

“சார்ஜரு பெருசு வாங்குதேன். கிரவுண்டுல கூட்டுக்காரனுவ அதத்தான் பாப்பானுவ. சப்ளை சின்னது போதும். ஒண்ணரை மணிக்கூர் ஆவும்.”

மனைவி அவர் பக்கம் திரும்பினார்.

“அதவிடச் சின்னது கெடையாதா?”