எசமான்களும் வந்த ஊர்

மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை முடித்த இரண்டு பெண்கள் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்தார்கள். இளையவர் சொன்ன ஒன்றால்தான் என் காது அங்கே போனது.

"அக்கா, அடிமையளை வச்சிருந்த எசமான்மாரும் மொன்றியலுக்குத்தான் ஓடி வந்தவங்களாம்."

"விசர்க் கதை கதையாதை. அடிமையள்தானே அமெரிக்காவிலயிருந்து இஞ்ச தப்பி வந்தவை?"

"அவை முதல் வந்தவை. திருப்பித் தாங்கோ எண்டு அமெரிக்கா கேட்டுப் பாத்தது. கனடா அப்ப பிரிட்டிஷ்காரன்ர நாடுதானே, குடுக்கேல்லை. பேந்து அங்க சண்டை நடந்து, அடிமையளுக்கு விடுதலை குடுத்தாச்சு. அதில தோத்த எசமான்மார் சில பேர் பெண்டில் பிள்ளையளோட இஞ்ச வந்து இருந்தவங்களாம். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவை."

"அவங்களையும் விட்டவையோ?"

"ஓம், விட்டவைதான்."

"அப்ப ரெண்டு பகுதியும் ஒரே தெருவில திரிஞ்சிருக்கும்."

"ஓம் அக்கா. ஆளையாள் கண்டால் என்ன கதைச்சிருப்பினமோ!"

மூத்தவர் கொஞ்ச நேரம் சாப்பாட்டுப் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஊரில என்ர தம்பியை ஆமிக்குக் காட்டிக் குடுத்தவன் எங்கட மேல்வீட்டுக்குக் குடிவந்திருக்கிறான், பிள்ளை. அவனும் அகதியாத்தான் வந்தவனாம்."

"ஐயோ! படியில கண்டால் என்ன செய்வியள்?"

"அவன் பிரெஞ்சில வணக்கம், 'பொன்ஜூர்' எண்டுவான். நானும் 'பொன்ஜூர்' எண்டுவன். தமிழ் ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை."