கடைத்தெருவில் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்க முன்னோடிகளே, பெரியக்காவின் மகளே, பணிமனையிலிருந்து அழுக்குச் சட்டையோடு நேராக வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் சங்கத் தலைவர், பஸ் ஓட்டுநர், நம் எல்லோருக்கும் பெரியக்கா. அவருடைய இரங்கல் கூட்டத்தில் பேசுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

அவருடைய தம்பி எப்படிச் செத்தான்? புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் நிறத்தில் ஒருவன் கடைக்குள் நின்றாலே சிலர் கண்ணுக்குத் திருடனாகத் தெரிகிறான். சாமான் வாங்கப் போன தம்பியைப் பார்த்ததுமே கடைக்காரர் போலீஸைக் கூப்பிட்டார். போலீஸ் அடித்தது. தம்பி ஸ்டேஷனிலேயே உயிரை விட்டான்.

அடக்கம் முடிந்து பெரியக்கா வேலைக்குத் திரும்பிய அன்றே, அந்தக் கடையைக் கொளுத்தக் கூட்டம் கிளம்பியது. முன்னால் நின்றவர் தம்பியின் உயிர் நண்பர், நம் வெல்டர். இதோ, முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். கையில் பெட்ரோல் கேன். பெரியக்கா பயணிகளை இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கொண்டுபோய்க் கடை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினார்.

“ஊர்வலம் போய் என்னக்கா கிழிச்சோம்? யாரு காது குடுத்தா?” என்று வெல்டர் கேட்டார்.

அந்தக் கேள்வியில் என்ன தப்பு? பெரியக்காவும் தப்பென்று சொல்லவில்லை.

“உன் கோபம் நியாயம்தான்டா. எனக்கு மட்டும் ரத்தம் கொதிக்கலையா? ஆனா மாடியில அந்தக் கடைக்காரன் குழந்தைங்க இருக்கு. என் தம்பி பேரைச் சொல்லி ஒரு குழந்தை கருகக் கூடாது. பஸ்ஸுல ஏறு. கேக்க வேண்டிய இடத்துல போய்க் கேப்போம்.”

வெல்டர் கேனைக் கீழே வைத்துவிட்டு ஏறினார். பின்னாலேயே எல்லோரும் ஏறினோம். போலீஸ் தலைமையக வாசலில் உட்கார்ந்தோம். தண்ணீரைப் பீய்ச்சினார்கள். தடியால் அடித்தார்கள். பெரியக்காவின் தோள் எலும்பு முறிந்தது. அப்போதும் அவர் எழவில்லை. அவரைப் பார்த்து நாமும் எழவில்லை.

பக்கத்துத் தெருவில் வேறு சிலர் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். செய்தியில் அந்தத் தீ மட்டும்தான் வந்தது. கண்டித்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினார் ஒரு நிருபர். “தீ வெச்சது தப்பு. எங்க வயித்துல தீ வெச்சது யாருன்னும் சேத்து எழுதுங்க” என்றார் பெரியக்கா.

பஸ்ஸைத் தடம் மாற்றி ஓட்டியதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவரோ, தீ வைத்துக் கைதானவர்களுக்கும் ஜாமீன் கேட்டு நீதிமன்றப் படி ஏறி இறங்கினார். தம்பியை அடித்த போலீஸ்காரர்கள் இன்று சிறையில் இருக்கிறார்கள் என்றால், யாரால்? ஆனால் அடிக்கச் சொன்ன அதிகாரி இன்னும் பதவியில்தான் இருக்கிறார். மருத்துவமனைக் கட்டிலில் பெரியக்கா கடைசியாகக் கேட்டதும் அந்த அதிகாரி மீது நாம் போட்ட வழக்கைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை விசாரணை. வெல்டர் முன்னால் நடப்பார். தோழர்களே, கோபத்தோடே வாருங்கள். கையில் எதுவும் வேண்டாம். பெரியக்கா, உங்கள் தம்பிக்கு நீதி கிடைக்கும்வரை அந்த நீதிமன்ற வாசலை விட்டு நாங்கள் எழ மாட்டோம்.