சரியான கேள்வி

எங்கள் வீட்டில் தேநீருக்குக் கரும்புச் சர்க்கரை போடுவதில்லை. அது தெற்கே அடிமைகளை வைத்து விளைவிப்பது. எங்களுக்கு மேப்பிள் மரத்துப் பாகுதான். பருத்தித் துணியும் கிடையாது, கம்பளி மட்டும். சபையின் மூத்தவர்களான நீங்கள் மூவரும் விசாரிக்க வந்திருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆற்றுக்கு அக்கரை கென்டக்கி. அங்கே மனிதரை விற்கிறார்கள். இக்கரையில், ஒஹாயோவில், நாம் அதை எதிர்த்துக் கூட்டம் போடுகிறோம். தப்பி வருபவர்களை என் மாடியறையில் தங்கவைத்துக் கனடாவுக்கு அனுப்பிவந்தேன். கெசையா பதினேழாவது ஆள். பனியில் நடந்து கால்விரல்கள் புண்ணாகி வந்தாள். கனடாவுக்குக் கடக்கும் ஏரியில் பனி உருகிக் கப்பல் ஓடும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றாள் என் மனைவி டாபிதா.

பிப்ரவரியில், ஓடிவந்த அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் கிரப் வந்தான். சட்டம் அவன் பக்கம். வாசலில் நின்றபடி, "வீட்ல அடிமை யாராச்சும் இருக்காங்களா, பெரியவரே?" என்று கேட்டான்.

நம் சபையார் பொய் சொல்வதில்லை. ஆனால் கடவுள் முன்னால் யாரும் அடிமை இல்லையே. அதனால் நாம் எல்லோரும் சொல்லும் பதிலையே நானும் சொன்னேன்.

"இங்க அடிமைன்னு யாரும் இல்லப்பா."

"உங்க ஆளுங்க நாக்கு ரொம்பச் சுத்தமாச்சே," என்று சொல்லி, படியில் புகையிலை எச்சிலைத் துப்பிவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாபிதா கெசையாவைச் சபைக்கு அழைத்துவந்தாள். கறுப்பர்களுக்கென்று நம் கூடத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் உட்காரச் சொன்னேன்.

"வாசல்ல நான் அடிமை இல்லன்னீங்களே, ஐயா. உள்ள வந்தா மாறிடுமா?" என்று கேட்டாள் கெசையா.

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டாபிதா அவள் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் எங்கள் குடும்பப் பெஞ்சுக்கே கூட்டிப்போனாள்.

வழக்கம்போல ஒரு மணி நேர மௌன வழிபாடு. ஆண்கள் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் மெர்சிக்கு நான்கு வயது. அவள் தூங்கிப்போய்க் கெசையாவின் மடியில் கன்னத்தை வைத்திருந்தாள். அந்தக் கறுத்த விரல்கள் குழந்தையின் முடியைக் கோதின. எனக்கு வாயில் புளித்த நீர் ஊறியது. வீட்டுக்கு வந்ததும் குழந்தையின் குல்லாயைக் கொதிநீரில் போட்டேன். தலையைச் சோப்பு போட்டு மூன்று முறை தேய்த்தேன். தோல் சிவந்து குழந்தை அழுதாள். வாசனை போகவில்லை. அப்படி ஒரு வாசனையே இல்லை என்றாள் டாபிதா.

இதை வெறுப்பு என்று எழுதிவிடாதீர்கள். அடிமைமுறையை ஒழிக்கக் கோரி இந்த ஊரிலிருந்து போன எல்லா மனுக்களிலும் என் கையெழுத்து இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் கிரப் இரண்டு ஆட்களோடு திரும்பி வந்தான்.

"கெசையாங்கிற பொம்பள இந்த வீட்ல இருக்காளா? ஆமாவா, இல்லையா?"

"ஆமா. மாடில இருக்கா," என்றேன்.

கைகளைக் கட்டி இறக்கிக் கொண்டுவந்தார்கள். காலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து படிகளில் இழுபட்டது. அவள் அழவில்லை. என்னைத் தாண்டும்போது மட்டும் நின்றாள்.

"ஒரே ஒரு பொய்தானேங்கய்யா," என்றாள்.

அன்றிலிருந்து டாபிதா என்னோடு பேசுவதில்லை.

முதல் தடவை அடிமை என்று கேட்டு ஏமாந்தவன், அடுத்த தடவை அந்தச் சொல்லை எப்படித் தவிர்த்தான் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. திங்கட்கிழமை படகுத்துறைச் சத்திரத்துக்குப் போனேன். உள்ளே சாராயம் விற்கிறார்கள், அதனால் வாசலிலேயே நின்று கிரப்பைக் கூப்பிட்டேன். "அடிமைன்னு கேக்காத. உன் நோட்டீஸ்ல இருக்கற பேரச் சொல்லிக் கேளு," என்றேன். அவ்வளவுதான். அவள் எங்கே இருக்கிறாள் என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அவன் கேட்ட பிறகுதான் சொன்னேன்.