பெட்ரோல் முள்

இல்ல தம்பி, சண்ட போட வரல. அன்னிக்கு சத்தம் போட்டேன், ஒத்துக்கறேன். இன்னிக்கு வேற விஷயம். மொதல்ல அந்த ரேடியோவ கொஞ்சம் கொறைங்க. வேணாம் வேணாம், நிறுத்திடாதீங்க, ஓடட்டும். பக்கத்து டயர் கடைக்காரருக்கு காது எப்பவும் இந்தப் பக்கம்தான்.

டீ வேணாம். ஒண்ணு கேக்கறேன், என் மூஞ்சப் பாத்து சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு இங்க தனியா வந்தாரா? போன வாரம், அதுக்கு முந்தின வாரம்? வரலயா. போன்ல? பெட்ரோல் முள்ளப் பத்தி எதுவும் கேக்கலயா? சரி, நம்பறேன். நீங்க ஸ்பேனரப் பாத்துக்கிட்டே பதில் சொன்னீங்க, அதான் திருப்பிக் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. இருவத்திரெண்டு வருஷம் கான்வென்ட்டு ஆஸ்டல்ல ஸ்டோர் பாத்தவ நான். காலையில அரிசி மூட்டையப் பாத்தா எத்தினி படி கொறஞ்சிருக்குன்னு கண்ணே சொல்லிடும். ரிட்டயர்டு ஆயும் அந்தக் கண்ணு என்ன விட்டுப் போவல.

ஆமா, முள்ளு நல்லாதான் வேல செய்யிது. கொற ஒண்ணும் இல்ல.

மூணு மாசம் முன்னாடி நான் மொதல்ல வந்தப்ப என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? வயசானவரு ஓட்டறாரு, வழியில பெட்ரோல் தீந்து நின்னுட்டா கஷ்டம், அதனால முள்ள சரி பண்ணுங்கன்னு சொன்னேன். அது பாதிதான் நெசம். ஒரு ஞாயித்துக்கெழம, மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரேன்னு போனவரு பன்னெண்டு மணிக்கு போன் பண்றாரு. பெட்ரோல் இல்லாம வண்டி நின்னுடுச்சாம். எங்கன்னு கேட்டா கோரிமேடுங்கறாரு. பெரிய மார்க்கெட்டுக்குப் போறவருக்கு கோரிமேட்டுல என்ன வேல? சரி, யாரையாவது பாக்கப் போயிருப்பாருன்னு விட்டுட்டேன். சாயங்காலம் எதிர்வீட்டு அமுதவல்லி வந்து, அக்கா, தனிஸ்லாஸ் அண்ணன் கார காலாப்பட்டுல பாத்தேனே, சென்னை பஸ்ஸுல வரச்சே, ரோட்டு ஓரமா பானெட்ட தொறந்து வெச்சிக்கிட்டு நின்னுட்டிருந்தாருன்னு சொல்றா.

கோரிமேடு எங்க, காலாப்பட்டு எங்க?

அன்னிக்கு ராத்திரி நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா சொல்லிடுவாரு, அப்புறம் உண்மை எது பொய் எதுன்னு நாந்தான் தேடணும். மறுநாள், முள்ள ரிப்பேர் பண்ணலாமான்னு மட்டும் கேட்டேன். வேணாங்கறாரு. ஏழு வருஷமா பாதியில நின்ன முள்ளு, அது பாட்டுக்கு நிக்கட்டுமே, நாம கணக்கா பெட்ரோல் போட்டுக்கறோம் இல்லயாங்கறாரு. அவ்ளோ வேகமா அவரு எதையும் வேணாம்னு சொன்னதில்ல தம்பி. அதான் அவரு ஆஸ்பத்திரிக்கு பிரஷர் செக் பண்ண போன நேரமா பாத்து வண்டிய உங்ககிட்ட ஓட்டியாந்தேன். கிலோமீட்டரு கேபிளு அறுந்து எத்தினியோ வருஷம். அதையும் பாக்கவான்னு கேட்டீங்க, நாந்தான் வேணாம்னேன். ரெண்டையும் ஒண்ணா சரி பண்ணா அவருக்கு சந்தேகம் வந்துடும்னுதான்.

நீங்க பின் சீட்டத் தூக்கி, டேங்குக்குள்ள இருந்த மிதவைய மாத்தினீங்க. முள்ளு ஏறிச்சு. வழியில நிக்கக் கூடாதுன்னுதான் சரி பண்ணேன்னு அவருகிட்ட சொல்லி சமாளிச்சிட்டேன். அந்த சனிக்கிழமையே நான் என்னா பண்ணேன் தெரியுமா? முள்ளு எங்க நிக்குதோ அந்த எடத்துல கண்ணாடி மேல பேனாவால ஒரு புள்ளி வெச்சேன். கடுகு அளவு. ஞாயித்துக்கெழம அவரு மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தப்புறம் பாத்தா, முள்ளு புள்ளிய விட்டு நல்லா எறங்கியிருக்கு. எங்க வீடு இருக்கற உப்பளத்துலேர்ந்து மார்க்கெட்டு என்னா தூரம்? நடந்தே போறோம்.

மொதல்ல உங்க மேலதான் சந்தேகம் வந்துச்சு. அதான் வந்து அப்படிப் பேசினேன். பழைய மிதவையவே கழுவி மாட்டிட்டீங்கன்னு கூட சொன்னேன் இல்ல? கேனுல அஞ்சு லிட்டர் கொண்டாந்து என் கண்ணு முன்னாடியே ஊத்திக் காட்டினீங்க, முள்ளு அழகா ஏறிச்சு. அதுக்கப்புறம் பங்க்குகாரன் மேல சந்தேகம். அப்புறம் தெருவுல யாராவது டியூப் வெச்சி உறியறாங்களோன்னு சந்தேகம். எல்லாரையும் சுத்தி வந்துட்டு கடைசியிலதான் வீட்டுக்குள்ள வந்தேன். அவரு மேல சந்தேகப்படறத முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் போட்டேன்னு இப்பத் தெரியுது.

இன்னொன்னு, மீனு. ஞாயித்துக்கெழம அவரு வாங்கியார மீனு. மார்க்கெட் மீன அலசினா ஐஸு தண்ணி வாசன வரும். இது வராது. செவுளு அப்பதான் புடிச்ச மாதிரி செவப்பா இருக்கும். எவ்ளோன்னு கேட்டா எப்பவும் ஒரே வெல சொல்லுவாரு. வஞ்சிரத்துக்கும் அதே வெல, சங்கராவுக்கும் அதே வெல. மூணு வருஷமா அந்த மீனத் தின்னுட்டு நானும் ஒண்ணும் யோசிக்கல பாருங்க.

வேற பொம்பளயா? நானும் அதத்தான் நெனச்சேன். அறுபத்தாறு வயசுல இவருக்கு எவ வருவான்னு சிரிப்பு கூட வந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழம, கோயில்ல மாதா சபை கூட்டம் இருக்குன்னு சொல்லிட்டு அவருக்கு முன்னாடியே கெளம்பி பஸ் ஏறிட்டேன். காலாப்பட்டுல எறங்கி, கடல் பக்கமா நடந்தேன். அந்த மீனவர் குப்பத்துல நம்ம வெள்ளக் கார கண்டுபுடிக்கறது ஒரு கஷ்டமா? ஒரு பூவரச மரத்தடியில நின்னுச்சு. நான் வலையெல்லாம் குமிச்சி வெச்சிருந்த எடத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். மீனு காயப் போட்டுட்டு இருந்த ஒரு அம்மா, யாரு வேணும்னு கேட்டாங்க. யாரும் இல்லன்னு சொன்னேன்.

கார் கதவு தொறந்து கெடக்கு. இவரு டிரைவர் சீட்டுல. மடியில ஒரு பொம்பளப் புள்ள, மூணு வயசு இருக்கும், ஸ்டியரிங்க ரெண்டு கையால புடிச்சிக்கிட்டு ஆட்டுது. இனியா, மாடு வருது பாரு, ஆரன் அடிங்கறாரு. அது ஆரன் அடிக்குது. கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கறது சிந்தியா.

எம் பொண்ணு தம்பி. ஒரே பொண்ணு.

தெரியாதா உங்களுக்கு? எங்க தெருவே பேசுச்சு, உங்க நெல்லித்தோப்புக்கு வந்து சேரலயா. எங்கப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்சன் வாங்கினவரு. அந்த வீட்டுப் பேத்தி, எம்.காம். படிச்சவ, படகு வெச்சிருக்கற வெற்றிவேலு தான் வேணும்னு ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு, அவனக் கூட்டிக்கிட்டு எங்க கேட்டுக்கு முன்னாடி வந்து நின்னா. அஞ்சு வருஷம் ஆச்சு. அவன் எந்தக் குப்பத்துக்காரன்னு கூட நான் விசாரிக்கல. நான் கேட்டத் தொறக்கல. அதோட விட்டிருக்கலாம். இவரு கையப் புடிச்சி இழுத்து என் தலையில வெச்சி, அவ வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லுங்க, மிதிச்சா நான் செத்ததா அர்த்தம்னேன். அவளுக்குக் கேக்கணும்னே கத்திச் சொன்னேன். இவரும் அழுதுக்கிட்டே சொன்னாரு.

அன்னிக்கு அங்க நின்னு ஒரு மணி நேரம் பாத்தேன். அந்த மனுசன் கார விட்டு எறங்கவே இல்ல. வீடு பத்தடி தூரம்தான். காப்பிய அவ கொண்டாந்து குடுத்தா, கார்ல உக்காந்தே குடிச்சாரு. வெய்யில் ஏறிடுச்சு, வேர்த்து சட்டையெல்லாம் ஒட்டிப் போச்சு, காலக் கீழ வெக்கல. என் உசுருக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதாம். மூணு வருஷமா இப்படிதான் போல. வெற்றிவேலு கடல்லேர்ந்து வந்து ஒரு கவர்ல மீனப் போட்டு பின் சீட்டுல வெச்சிட்டு, வரேன் மாமான்னு சொல்லிட்டுப் போனான். சிந்தியா எளச்சிட்டா. முடிய தூக்கி எப்படியோ முடிஞ்சிருந்தா.

நான் அவங்க கண்ணுல படாம பஸ் ஏறி வந்துட்டேன். அன்னிக்குக் கொண்டாந்த மீனையும் கொழம்பு வெச்சேன். எப்பவும் போல சாப்பிட்டோம்.

இல்ல தம்பி, பரவால்ல. தண்ணி வேணாம். கண்ணுல தூசிதான்னு சொன்னா நீங்க நம்பப் போறீங்களா.

இப்ப தப்பு எங்க நடந்துச்சுன்னா, நான் வெச்ச புள்ளிய அழிக்க மறந்துட்டேன். திங்கக்கெழம பாக்கறேன், கண்ணாடி பளிச்சுனு தொடச்சிருக்கு. அவரு பாத்துட்டாரு. எதுக்கு வெச்ச புள்ளின்னும் புரிஞ்சிருக்கும். ஒரு வார்த்த கேக்கல. அடுத்த ஞாயித்துக்கெழம, மொழங்கால் வலிக்குது, மார்க்கெட்டுக்குப் போவலன்னாரு. போன வாரமும் அதேதான். காலையில குளிச்சி சட்டையப் போட்டுக்கிட்டு ஹால்ல உக்காந்து சாவிய கையில வெச்சி உருட்டிட்டே இருக்காரு. அப்புறம் போயி ஆணியில மாட்டிட்டு வந்து படுத்துக்கறாரு. போன வாரம் போன் மூணு தடவ அடிச்சுது. எடுக்கல. அந்தப் பக்கம் அந்தக் கொழந்த மரத்தடியில நின்னுட்டு இருந்திருக்குமா, இல்லையா? நீங்களே சொல்லுங்க.

நானே போய் அவள வீட்டுக்குக் கூப்பிட்டா என்னான்னுதானே பாக்கறீங்க? போவணும்தான். வாய் விட்டது நானு. அவகிட்ட போயி எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிக்கறதுன்னு இன்னும் தெரியல. அவருகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா, சத்தியத்த மீறிட்டேன்னு அவரு ஒடிஞ்சி போயிடுவாரு. எனக்குக் கொஞ்ச நாள் வேணும் தம்பி. அது வரைக்கும் அந்தப் புள்ள எதுக்குக் காத்திருக்கணும்.

அதான் வந்தேன். பின் சீட்டத் தூக்கி அந்த ஒயர கழட்டிடுங்க. கழட்டினா முள்ளு ஜீரோவுக்கு வந்துடுமா? அப்ப முன்ன மாதிரி பாதியிலயே நிக்கற மாதிரி ஏதாவது வெக்க முடியாதா? சின்னதா ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா போதுமா? போட்டுடுங்க. வண்டிய எடுக்க சாயங்காலம் அவரதான் அனுப்புவேன். மறுபடியும் போயிடுச்சு சார், பழைய வண்டி, இனிமே இத சரி பண்ண முடியாதுன்னு சொல்லணும். வேல தெரியாதவருன்னு உங்களத்தான் நெனப்பாரு, அத எனக்காகப் பொறுத்துக்குங்க. வழியில நின்னுடும்னு பயப்படாதீங்க, சனிக்கிழமையில நானே பங்க்குக்குப் போயி ரொப்பிடறேன். இன்னிக்கும் ரொப்பிட்டுதான் வந்தேன்.

அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடுவீங்க இல்ல? நாளைக்கு ஞாயித்துக்கெழம.