மஸூதா அனுப்பிய கேசட்டுகளில் பேச்சு அறுந்த இடங்கள்

பெயர் கௌஸ் மைதீன், தகப்பனார் பெயர் உமர் சாகிப், வயது முப்பத்து நான்கு, சவூதியில் தம்மாம் ஊரில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை, சொந்த விலாசம் பொன்னேரி தாலுக்கா பழவேற்காடு. 1983ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் காவல் நிலையத்தில் ஆய்வாளர் கேட்க, நான் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டது.

நண்டு பிடிக்கும் நாகப்பனின் வலது கையை முறித்தது நான்தான். அதை நான் மறைக்கவில்லை. ஏன் முறித்தாய் என்று கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கும் மஸூதாவுக்கும் நிக்காஹ் ஆகி ஆறு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. என் தாய் தகப்பன் இருவரும் மவுத்தாகிவிட்டதால் வீட்டில் அவள் மட்டும்தான். அவளுக்கு எழுதத் தெரியாது, எனக்கும் கையெழுத்துக்கு மேல் ஓடாது. அதனால் முதல் லீவில் வந்தபோது ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கிவந்து, கடுதாசிக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பச் சொன்னேன். எங்கள் வீட்டில் பிளக்கு இருப்பது வாசல் கதவுக்குப் பக்கத்தில் மட்டும்தான். அங்கே ஸ்டூல் போட்டு ரிக்கார்டரை வைத்துப் பட்டன்களைக் காட்டிக் கொடுத்துவிட்டு நான் புறப்பட்டுப் போனேன்.

அதன் பிறகு ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் கேசட் வந்தது. ஏதோ வீட்டுச் சமாச்சாரம் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் யாரோ வெளியே கதவைத் தட்டும் சத்தம் லேசாகக் கேட்டது. உடனே பக்கத்திலேயே பலமாக இரண்டு தட்டு கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கழித்து அவள் குரல் தூரத்திலிருந்து நடந்து வருவது போல் மெல்ல மெல்ல ஏறி, பாதிப் பேச்சிலிருந்து கேட்டது.

எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளை இல்லாத நேரத்தில் அந்நிய ஆண் கதவைத் தட்டினால் பெண்கள் குரல் கொடுக்க மாட்டார்கள், உள்ளேயிருந்து பலகையைத் திருப்பித் தட்டுவார்கள். ஆள் இருக்கிறது, கொண்டுவந்ததை வாசலில் வைத்துவிட்டுப் போ என்று அதற்கு அர்த்தம். என் தாயாரும் அப்படித்தான் தட்டுவார். ஆகவே தட்டியதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தட்டிவிட்டு எங்கே போனாள் என்பதுதான் சந்தேகம்.

முதலில் கேசட்டில் கோளாறு என்று நினைத்து வேறு கம்பெனி கேசட் அனுப்பச் சொன்னேன். அதிலும் இதே கதை. அதன் பிறகு நான் போட்டுக் கேட்கும் செட்டின் மேல் சந்தேகப்பட்டு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அதன் ஹெட்டைத் துடைத்தேன், பயனில்லை. என்னோடு தங்கியிருந்த நம் ஊர் அமீர் ஜானின் செட்டில் போட்டேன், அங்கேயும் அதே இடத்தில் அறுந்தது. அவன் மனைவி லத்தீபா பேசிய கேசட்டை என் செட்டில் போட்டேன், அது தண்ணீர் மாதிரி ஓடியது. அமீர் ஜான் சிரித்துக்கொண்டே, "இன்னாடா, உன் ஊட்டுல மட்டும் செட்டு மூச்சு வாங்குது" என்றான். அன்றைக்கு அவனோடு சாப்பிட உட்காரவில்லை.

அதன் பிறகு, நடுவில் ஏன் நிறுத்துகிறாய் என்று கேட்டு நான் கேசட் அனுப்பினேன். "நான் நிறுத்தவே இல்லீங்க" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குப் பின்னாலேயே தட்டும் சத்தமும் வெறுமையும் வந்தன. என் தலையில் மிளகாய் அரைக்கிறாள் என்று முடிவு செய்தேன். படுத்தால் தூக்கம் இல்லை. வேலை முடிந்து வந்ததும் அந்த இடங்களை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

அதன் பிறகு யாருக்கும் சொல்லாமல் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். மஸூதா குளிக்கப் போன நேரத்தில் ரிக்கார்டரை ஓடவிட்டு நானே அதே ஸ்டூலுக்கு எதிரில் உட்கார்ந்து பேசினேன். திருப்பிக் கேட்டபோது ஒரு சொல்கூட விடுபடவில்லை. மிஷினில் பழுது இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மஸூதா திருப்பித் தட்டினாள். நான் அவளைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். கட்டிய நண்டுகளைப் படியில் வைத்துவிட்டு நாகப்பன் நிமிர்ந்துகொண்டிருந்தான். கதவுக்குக் குறுக்கே போடும் கட்டையால் அடித்தேன். அவன் கையைக் குறுக்கே கொடுத்தான். "நண்டு வச்சிட்டுப் போறேன் பாய், வேற இன்னா பண்ணேன்?" என்று கத்தினான். ஏரியில் இறங்கிச் சேற்றைத் தடவி நண்டு பிடிக்கிற கை அது. அவன் மனைவி நாகம்மாள் ஓடிவந்து ஊரைக் கூட்டினாள், போலீசார் என்னையும் ரிக்கார்டரையும் கேசட்டுகளையும் கொண்டுவந்தார்கள்.

நிலையத்தில் ஆய்வாளர் கேசட்டுகளைப் போட்டுக் கேட்டார். அதன் பிறகு, நான் நாளைக்கு மாற்றிப் பேசக்கூடாது என்று சொல்லி அதே ரிக்கார்டரில் புதுக் கேசட் போட்டு மேஜை மேல் ஓடவிட்டார். மஸூதாவும் விசாரணைக்கு வந்து நின்றிருந்தாள். "உன் பொண்டாட்டியையும் அவனையும் எவனாவது பார்த்தானா?" என்று கேட்டு மேஜையை ஓங்கிக் குத்தினார். யாரும் பார்க்கவில்லை, கேசட்தான் சாட்சி என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

திருப்பிப் போட்டபோது மேஜையைக் குத்திய சத்தம் விழுந்தது. என் பதில் விழவில்லை. கொஞ்சம் கழித்து என் குரல் தூரத்திலிருந்து நடந்து வருவது போல் மெல்ல ஏறியது. நான் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. ஆய்வாளர் என்னைப் பார்த்து, "எங்கடா போயிட்டு வந்தே?" என்று கேட்டார். மறுபடியும் குத்திப் பார்த்தார், மறுபடியும் அப்படியே. பக்கத்தில் பெரிய சத்தம் விழுந்தால் மிஷின் தானாகவே பதிவைத் தாழ்த்திக்கொள்ளும், பழைய நிலைக்கு வரச் சற்று நேரம் எடுக்கும் என்று, ஆய்வாளர் வரவழைத்த பொன்னேரி ரேடியோ கடை வரதன் சொன்னார். நான் வீட்டில் பேசிப் பார்த்தபோது யாரும் கதவைத் தட்டவில்லை.

நான் மஸூதாவிடம், "மிஷின் தப்புதான், விடு" என்றேன்.

"அறுந்த எடத்த விடுங்க. கேக்குற எடத்துல நான் இன்னா பேசினேன்? ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

நிறுத்தவே இல்லை என்று சொன்னாய் என்றேன்.

"அது நீங்க கேட்டதுக்கு. நானா சொன்னதுல ஒண்ணு சொல்லுங்க."

நான் யோசித்தேன். அவள் பேசியது ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மஸூதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நாகம்மாளோடு ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஆய்வாளரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இதில் உள்ளது முழுவதும் யாருடைய மிரட்டலும் இல்லாமல் நானாகச் சொன்னது. எழுத்தர் படித்துக்காட்டக் கேட்டேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) கௌஸ் மைதீன்