பாக்குவெட்டி இல்லாத வீடு

பின்னேரம் ஐந்து மணி. லண்டனில் தை மாதத்துப் பின்னேரம் என்றால் அது நடுச்சாமம்தான், உங்களுக்குத் தெரியாததா? சட்டன் ஸ்டேஷனில் இறங்கி, ரயில்பாதையை ஒட்டிய ஒழுங்கையில் ஒருவன் தனியாக நடந்து வருகிறான். கையில் ஒரு மரப்பெட்டி. ஒழுங்கையில் ஈ காக்காய் இல்லை... பெட்டிக்குள் மட்டும் ஒரு சத்தம். கிறீச்... டக். கிறீச்... டக்.

நின்றால் சத்தமும் நிற்கிறது. நடந்தால் தொடங்குகிறது. சாமான்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். ஆம்பிளைகள் அப்படித்தான், காதுக்குள் வந்து சொன்னாலும் விளங்காது.

சிரிக்காதே பாஸ்கரன். வெளியே பனி கொட்டுகிறது, விடியும்வரை உன் கார் இந்தப் பார்க்கிங்கை விட்டு நகராது. கேட்பதென்றால் வாயை மூடிக்கொண்டு கேள். இது யாரோ எவரோ கதை இல்லை. என் சிநேகிதி பாலாம்பிகையின் தங்கை செல்வமலருக்கு நடந்தது. பெட்டியோடு வந்தவன் அவளுடைய புருஷன் கணேசலிங்கம். எண்பத்தாறாம் ஆண்டு, இன்றைக்கு ஐந்து வருடத்துக்கு முந்தி.

கணேசலிங்கத்துக்கு லேத் பட்டறையில் வேலை. நல்ல பிள்ளை, குடி கிடையாது. ஆனால் துவக்குப் பைத்தியம். வேலையிடத்து வெள்ளைக்காரர்களோடு கிளப்பில் சேர்ந்து, பொலிஸ் லைசென்ஸ் எடுத்து, நூறு வயதுத் துவக்கு ஒன்றை வாங்கி வைத்திருந்தான். விசையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். அதைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். அந்தத் தோட்டா இப்போது எந்தக் கடையிலும் இல்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, புதிதாக வெடிமருந்து போட்டு, ஈயம் உருக்கி வார்த்த குண்டைக் கோதின் வாயில் வைத்து, நாமே இறுக்க வேண்டும். அதற்கான பழைய கருவிகள்தான் அந்தப் பெட்டியில். செத்துப்போன ஒரு வெள்ளைக்காரக் கிழவருடையவை. மகள் விற்றுவிட்டாள்.

குண்டை இறுக்கும் கருவி இருக்கிறதே... கறுத்த இரும்பு, இரண்டு கைப்பிடி. பார்த்தால் எங்கள் பாக்குவெட்டிதான். வெட்டும் அலகு மட்டும் இல்லை.

செல்வமலருக்கு அப்போது எட்டு மாதம். "பிள்ளை வரப்போற வீட்டில ஏனப்பா உந்தச் சனியன்?" என்று கத்தினாள். சண்டை பிடித்து, எல்லாவற்றையும் பின்வளவு ஷெட்டுக்கு அனுப்பிய பிறகுதான் ஓய்ந்தாள்.

மாசியில் பெண்பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருடம் கழித்து, இரண்டு தரம் கலைந்து, தவம் கிடந்து பெற்ற பிள்ளை. அது அழுதால் பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டுவாள். செல்வமலருக்கோ அந்த அழுகையைக் கேட்பதே ஒரு சந்தோஷம்.

துடக்கு வீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் இரும்பு வைப்போம் அல்லவா, காத்துக் கறுப்பு அண்டாமல்? ஊரில் என்றால் பாக்குவெட்டி. லண்டனில் பாக்குவெட்டிக்கு எங்கே போவது? அவள் சமையலறைக் கத்தியை மெத்தைக்குக் கீழே வைத்தாள். பிள்ளையை நிறுக்க வந்த நர்ஸ் கண்டுவிட்டாள். அவ்வளவுதான்! இன்னொரு தரம் கண்டால் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிவரும் என்று எச்சரித்துவிட்டுப் போனாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று செல்வமலருக்கு நடுக்கம். வெட்டாத இரும்பு வேண்டும். யோசித்தாள்... புருஷன் வேலைக்குப் போன நேரம் ஷெட்டுக்குப் போய் அந்தக் கருவியை எடுத்து, கழுவி, மஞ்சள் பூசி, பிள்ளையின் மெத்தைக்குக் கீழே வைத்தாள். காவலுக்கு என்று வைத்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்றிரவே ஷெட்டில் யாரோ தேடும் சத்தம். லாச்சி இழுபடும்... மூடும். கணேசலிங்கம் டோர்ச்சோடு போய்ப் பார்த்தான். பூட்டு பூட்டியபடி. அடுத்த இரவு சமையலறை லாச்சி. அதற்கடுத்த இரவு படிக்கட்டு... ஏறி, பாதியில் நின்றுவிடும். மணம் மட்டும் அறைக்குள் வரும். ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் உருகிய மணம். அந்தக் குண்டுகளில் பூசுவது அதுதான். செல்வமலர் சாம்பிராணி போட்டாள். சாம்பிராணியையும் மீறிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு காலை, பிள்ளையின் கன்னத்தில் கறுப்பு. ஈயம் பிடித்த கையின் பெருவிரல் அடையாளம். பெரிய விரல்.

அவள் அழுது எல்லாவற்றையும் சொன்னாள். "உனக்கு விசரே மலர்? செத்தவன்ரை சாமானைக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் கீழ வைச்சனியோ?" என்று பாய்ந்தான் கணேசலிங்கம். கருவியை எடுத்துப்போய் ஷெட்டில் பழைய இடத்தில் வைத்தான்.

அன்றிரவு தேடும் சத்தம் இல்லை. வேலை செய்யும் சத்தம். கிறீச்... டக். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி கிடந்தார்கள்.

"அவரின்ரை சாமான் அவரிட்டையே போயிட்டுது. இனி வரமாட்டார்" என்றான்.

காலையில் ஷெட் மேசையில் ஒரு தோட்டா நின்றது. அவன் செய்யாத தோட்டா. மருந்து வைத்த பெட்டியோ பூட்டியபடி. குண்டைக் கழற்றினான். உள்ளே மருந்து இல்லை. பால் மணம்... அதோடு பிள்ளை வீறிட்டு அழும் சத்தம் கோதுக்குள்ளிருந்து வெளியே வந்தது. ஒரே ஒரு தரம். பிறகு அது வெறும் கோது.

வீட்டுக்குள் செல்வமலர் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். முகம் சிவந்து, வாயைத் திறந்து, பிள்ளை அழுகிறது. சத்தம் இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடமிருந்து அழுகைச் சத்தம் வரவே இல்லை. தொண்டையில் குறை ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கணேசலிங்கம் கருவியைத் தேம்ஸில் எறிந்தான். துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்தான். ஐயரைக் கூப்பிட்டு நூல் கட்டினார்கள். ஷெட்டையே உடைத்தான். இரவில் அந்த வெறும் நிலத்தில் அதே கிறீச்... டக். விடிய, புல்லில் இன்னொரு தோட்டா. அதைத் திறக்க ஒருவருக்கும் துணிவில்லை. நித்திரையில் சிரிக்கிற பிள்ளை, அன்றோடு சிரிக்கவில்லை.

சவுத்தாலுக்கு, பாலாம்பிகை வீட்டுக்கு ஓடினார்கள். அங்கே ஜன்னல் விளிம்பில் நின்றது அடுத்தது. பிறகு அடுத்தது. பிள்ளை பால் குடிக்கும், நிறை மட்டும் குறையும். அந்தப் பெற்றவள் என்ன பாடுபட்டிருப்பாள், சொல்லுங்கள்?

ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. கேட்ட ஒருவருக்கும் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவதற்கு முன்பே பிள்ளை போய்விட்டது, நித்திரையில். டொக்டர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'கொட் டெத்', தொட்டில் சாவாம். பெயர் வைத்தால் சரியாகிவிடுமா?

போன மார்கழியில் பாலாம்பிகையோடு செல்வமலரைப் பார்க்கப் போனேன். தேத்தண்ணி தந்தாள். நன்றாகத்தான் கதைத்தாள். பிறகு ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தாள். பஞ்சு சுற்றி, வரிசையாகத் தோட்டாக்கள்.

"இதைப் பொலிஸிலை குடுக்கேல்லையோ மலர்?" என்று கேட்டேன்.

"என்ரை பிள்ளையை நான் ஏன் அக்கா பொலிஸிலை குடுக்கிறன்?"

ஒன்றை எடுத்து என் காதோடு வைத்தாள். பித்தளை சூடாக இருந்தது. முதலில் ஒன்றும் இல்லை... பிறகு கேட்டது. சின்னதாக ஒரு விக்கல். கொஞ்சம் நின்று... இன்னொரு விக்கல்.

"அஞ்சு வருசமா விக்குது அக்கா" என்றாள் செல்வமலர். "திறந்தாப் போயிடும். திறக்காட்டில் ஒரு சொட்டுத் தண்ணியும் குடுக்க ஏலாமக் கிடக்கு."