கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் கோட்

திகனவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண் சொன்னாள்: "அண்ணே, நான் எழுதின புரோகிராமை டெஸ்ட் ஓட்டிப் பாத்தேன். கல்யாண மண்டபத்து புக்கிங் பதிவெல்லாம் அழிஞ்சிருச்சுங்க."

அவள் பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் நிமிர்ந்தார். "எந்த டேட்டாபேஸில?"

"தெரியலங்க. என் புரோகிராம் கோட் தானா டேட்டாபேஸைத் தேடிப் போகாது, வெளிய இருந்து குடுக்கிறத வாங்கிக்கும். நீங்கதானே அப்படி எழுதச் சொன்னீங்க?"

"ஓம். குடுக்கிற இடத்தில டெஸ்ட் டேட்டாபேஸை ஆர் போட்டது? போடாட்டி அது மண்டபத்தின்ர உண்மையான டேட்டாபேஸையெல்லோ குடுக்கும்!"

"நீங்க போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான், நீர் போட்டிருப்பீர் எண்டு..."

இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

வாழ்க்கையில் எத்தனையோ புத்தகம் படித்தும் எனக்கு இதில் பாதி விளங்கவில்லை. அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். எந்த மண்டபம் என்று அவர்களிடம் கேட்கத் துணிவில்லாமல் கண்டியில் இறங்கிவிட்டேன்.